இடுப்பில் ஒரு ரிவால்வர்

பழனி மலைச் சாரலில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒருநாள் காலையில் நம் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் கையில் காப்பிக்கொட்டைப் பொட்டலம் ஒன்று இருக்கும். அன்று அதற்குப் பதிலாக ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதை நம் முன் வைத்துவிட்டு, புத்திர பாக்கியம் பெற்றவரைப் போல் புன்னகை புரிந்தார். பிரித்துப் பார்த்தோம். துப்பாக்கி லைசென்ஸ்!

"நடையாய் நடந்து வாங்கியிருக்கிறேன். இனி ரிவால்வர் வாங்க வேண்டும்; சுடப் பழக வேண்டும்; தினந்தோறும் இடுப்பில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நீரும் கூட வாரும். உமக்கும் எழுத ஒரு விஷயம் கிடைக்கும்" என்றார்.

நண்பரின் ஆசைக்குக் காரணம் உண்டு. கூலிப் பணத்துடன் ஒரு சனிக்கிழமை மாலை தோட்டத்துக்குச் சென்றபோது, மலைப்பாதைத் திருப்பத்தில் மூவர் அவரை வழிமறித்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துப் பணப்பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். பணம் போனதைவிட, அன்று தாம் கைகூப்பி நின்ற காட்சிதான் அவரை உறங்கவிடாமல் வாட்டி வந்தது.

"காந்தி மகான் பிறந்த நாட்டில் ரிவால்வரைப் பற்றிக் கட்டுரையா?" என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஆயுதத்துக்கும் நமது சுதந்திரப் போராட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது; ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு! ஒரு தேசத்தையே நம்பத் தகாதது என்று முத்திரை குத்திய அந்தச் சட்டத்தைத் தலைவர்கள் பலர் அவமானமாகவே கருதினார்கள். 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது.

சுயராஜ்யம் வந்த பிறகு நடந்தது வேறு. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றார். டாக்டர் அம்பேத்கார் அதற்கு இணங்கவில்லை. பிறகு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இன்று நிறபேதம் இல்லை. ஆனால் ஆயுதம் உரிமையும் அல்ல. 21 வயது நிரம்பாதவருக்கு அது கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. லைசென்ஸ் என்பது சமூகம் ஒருவரை நம்பிக் கையில் கொடுக்கும் கடன் என்று சொன்னால் பொருந்தும்.

வாங்கும் படலம்

கடைக்காரர் மேஜைமீது பல ரகங்களைப் பரப்பினார். நண்பரின் கண் உடனே பளபளப்பான ஒன்றின்மேல் சென்றது. பெண் பார்க்கப் போனவர் நகையை மட்டும் பார்த்த கதைதான்!

ரிவால்வரின் தத்துவம் எளியது. அமெரிக்கரான ஸாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆதியில் ஒவ்வொரு முறையும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. 1851-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழும்படியாகச் செய்தார். இன்றைய ரிவால்வர்களில் பெரும்பாலானவை இரண்டு விதத்திலும் சுடும். குதிரையை முன்பே நிறுத்தி வைத்தால் விசைக்கு மூன்று நான்கு ராத்தல் அழுத்தமே போதும். விசையாலேயே எல்லாவற்றையும் செய்வதானால் பத்து ராத்தலுக்கு மேலும் வேண்டியிருக்கும். அந்தப் பளுவான இழுப்பே தற்காப்புக்கு உகந்தது என்கிறார்கள். நடுங்கும் விரல் தவறிப்போய்ச் சுட்டுவிடாமல் அதுவே காவல் செய்கிறது.

தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டலில் அதிகக் குண்டுகள் கொள்ளும், மெல்லியதாகவும் இருக்கும். ஆனால் ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லையானால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதும் ஒரே பார்வையில் தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய சௌகரியம்.

அளவைப் பற்றி நண்பர் அதிகம் யோசிக்க இடமிருக்கவில்லை. .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகியவை நம் நாட்டில் விலக்கப்பட்ட ரகங்கள். ஆகவே சாதாரணப் பிரஜைக்கு .32 ரிவால்வரே பெரும்பாலும் வாய்க்கிறது. கான்பூரில் சர்க்கார் தொழிற்சாலை அதைச் செய்கிறது. 2014-இல் அங்கிருந்து வெளிவந்த 'நிர்பீக்' என்னும் டைட்டேனியக் கலப்பு ரிவால்வர், ஆறு தோட்டா கொள்ளக்கூடியது. எடை சுமார் 500 கிராம்.

"லேசாக இருக்கிறதே, இதுதான் வேண்டும்!" என்றார் நண்பர். இங்கேதான் யோசனை தேவை. லேசான ஆயுதம் இடுப்புக்குச் சுகம், கைக்குச் சுகமல்ல. குண்டு முன்னே பாயும்போது ஆயுதம் பின்னே உதைக்கிறது. எடை குறையக் குறைய உதை வலுக்கிறது. குழல் குட்டையானால் குறியும் சிரமம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அவை ஒரு மில்லிமீட்டர் பிசகி நின்றால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போகும். அந்த இடைவெளி 15 சென்டிமீட்டரானால் விலகல் ஏழுக்கும் குறைவு. மடியில் மறைப்பதற்காகக் குட்டையாக வாங்குகிறவர், அந்தக் குறையை அப்பியாசத்தால் ஈடு செய்தாக வேண்டும்.

முடிவில் கைதான் தீர்ப்புச் சொல்லிற்று. காலி ரிவால்வரைச் சுவரை நோக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையின்மேல் இயல்பாகப் படிகிறதா என்று பார்த்தோம். பளபளப்பான ரகம் தோற்றது. சற்றுக் கனமான, பார்வைக்குச் சாதுவான ஒன்று வென்றது.

பழகும் படலம்

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வற்புறுத்துகின்றன. அந்தச் சான்றிதழ் நண்பரிடம் இருந்தது. ஆனால் அகரம் எழுதியவன் கடிதம் எழுதிவிட முடியுமா? பட்டாளத்தில் பல வருஷம் சுடக் கற்பித்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரை, துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில் சரணடைந்தோம்.

அவர் முதல் நாள் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. நான்கு விதிகளை மட்டும் சொல்லி, நாற்பது முறை நம்மைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அமெரிக்க ஆசிரியர் ஜெஃப் கூப்பர் வகுத்து உலகெங்கும் வழங்கும் விதிகள் அவை. எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதென்றே எண்ண வேண்டும். அழிக்க மனமில்லாத எதன்மீதும் குழலைத் திருப்பலாகாது. குறி பார்த்து முடியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கையும், அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்த பிறகே சுட வேண்டும். சிறிய கைத்துப்பாக்கியின் குண்டுகூடத் தடையில்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது என்று அவர் சொன்னபோது, நாம் மைதானத்து மண்மேட்டை நன்றியுடன் நோக்கினோம்.

பின்னர் வெறும் ரிவால்வரில் பொய்த் தோட்டாக்களை இட்டு ஒரு வாரம் அப்பியாசம் நடந்தது. குழலின்மேல் ஒரு நாணயத்தை வைப்பார்; அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். "பிடுங்காதீர்கள் ஐயா, பிழியுங்கள்" என்பார். லைசென்ஸில் எழுதிய கணக்குக்கு மேல் தோட்டா வாங்க முடியாத நம் நாட்டில், காசில்லாத இந்த அப்பியாசமே ஏழையின் குருகுலம். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தின் அருகே விரலை வைக்கவே கூடாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். சுடும்போது அதன் வழியே கொதிக்கும் வாயு பீறிட்டுவரும்.

எட்டாம் நாள் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து நண்பர் ஏழு மீட்டரில் நின்றார். ஆறு வெடி கேட்டது. காகிதத்தில் இரண்டே துவாரம்! "ரிவால்வரில் ஏதோ கோளாறு" என்றார் நண்பர். ஹவில்தார் மறுபேச்சில்லாமல் உருளையை வாங்கி, நல்ல தோட்டாவும் பொய்த் தோட்டாவுமாகக் கலந்து நிரப்பிக் கொடுத்தார். மூன்றாம் இழுப்பில் பொய்த் தோட்டா வந்தது. வெடியில்லை, உதையில்லை, ஆனாலும் நண்பரின் மணிக்கட்டு வெடிக்குப் பயந்து தரையை நோக்கிக் குனிந்தது. கோளாறு எங்கே என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவரே முதலில் சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பின் ஆறில் ஐந்து குண்டுகள் கையளவு வட்டத்துக்குள் விழுந்தன.

ஏழு கஜ தூரம்

ஒரு மாலை ஹவில்தார் மரத்தால் செய்த ரிவால்வர் ஒன்றை நண்பரின் உறையில் வைத்து, சட்டையால் மூடச் சொன்னார். நம்மை ஏழு கஜத்துக்கு அப்பால் நிறுத்தி, கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்தார். அதுவே கத்தி. "ஓடிப்போய் அவரைத் தொடுங்கள்" என்றார். ஓடினோம். நமது சரீரம் ஓட்டப் பந்தயத்துக்கு ஏற்றதல்ல. அப்படியும் நண்பர் சட்டையை விலக்கி உறையைத் தொடுவதற்குள் அவர் மார்பில் கரிக்கோடு விழுந்துவிட்டது. மூன்று தடவை செய்தோம், மூன்று கோடுகள்.

1983-இல் டென்னிஸ் டூலர் என்னும் அமெரிக்கப் போலீஸ்காரர் இதையே சோதித்து எழுதியிருக்கிறார். இருபத்தோரு அடியைச் சாதாரண மனிதன் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான் என்பது அவர் கண்டது.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அன்று அந்தத் திருப்பத்தில் இது என் இடுப்பில் இருந்திருந்தால்?" என்று கேட்டார்.

"கழுத்தில் கத்தி வந்த பிறகா ஐயா? பணத்தோடு ரிவால்வரும் போயிருக்கும். நீங்களும் போயிருப்பீர்கள்" என்றார் ஹவில்தார்.

சட்டமும் நினைத்தபடி சுட இடம் கொடுப்பதில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. கொள்ளைக்காரனை எதிர்க்கும் உரிமை அதில் உண்டு. ஆனால் அவசியத்துக்கு மேற்பட்ட தீங்கு செய்ய உரிமை இல்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு வீரம் பேச முடியாது.

இடுப்பில் வைப்பதற்கும் விதி உண்டு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுதும் மறைந்து, உடையவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள். கலியாண வீட்டில் ஆகாயத்தை நோக்கிச் சுட்டு மகிழ்கிறவருக்கு, அதனால் பிறர் உயிருக்கு ஆபத்து நேரக்கூடுமானால், இரண்டு வருஷம் வரை சிறை உண்டு என்கிறது 2019 திருத்தம். விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையும், அதைத் தாங்கும் தடித்த தோல்வாரும் இன்றியமையாதவை. நண்பரோ பிறந்தது முதல் வேட்டிக்காரர். வேட்டி முடிச்சு ரிவால்வரைத் தாங்குமா? முதல் நாளே அது முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அன்று மாலையே கால்சட்டை தைக்கக் கொடுத்தார்.

வீட்டிலே

இவ்வளவும் முடிந்து நண்பர் வீட்டில் விருந்துக்குச் சென்றோம். அவருடைய ஏழு வயதுப் பேரன் வந்ததும் வராததுமாக நம் பையைத் திறந்து, மூக்குப்பொடி டப்பியைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் பாட்டி அவனை அதட்டிவிட்டு நம்மிடம் சொன்னாள்: "அண்ணா, இந்த வீட்டில் இவன் திறக்காத பெட்டி கிடையாது. உப்பு ஜாடிக்குள் ஒளித்து வைத்த சாவியைக்கூட எடுத்துவிடுகிறான். திருடன் எப்போதோ ஒரு நாள் வரலாம். இவன் தினமும் இருக்கிறானே!"

அந்த அம்மையார் அறியாமலே ஓர் ஆராய்ச்சியின் சாரத்தைச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மன் என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்காகக் காணப்பட்டது. அந்நாட்டில் துப்பாக்கியால் மாள்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். வீட்டில் மனம் நொந்த ஒருவர் இருந்தால், துப்பாக்கி அங்கே இருக்கலாகாது என்பதே வைத்தியர்கள் கூறும் புத்திமதி.

நண்பர் மறுநாளே மூன்று காரியங்கள் செய்தார். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று வைத்து, ரிவால்வரை அதிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலுமாகப் பிரித்தார். சாவிகள் அவருடைய அரைஞாணில் தொங்குகின்றன. கூலியைத் தொழிலாளரின் பாங்கிக் கணக்கிலேயே கட்ட ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை மாலைகளில் மலைப்பாதையில் தனியாகப் போவதை நிறுத்தினார்.

"அப்படியானால் ரிவால்வர்?" என்று கேட்டோம்.

"மாதம் ஒரு முறை ஹவில்தாரிடம் போகிறேன். தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். அன்று கைகூப்பியதற்காக இத்தனை நாளும் வெட்கப்பட்டேன் ஓய்! கரிக்கோடு விழுந்த அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். கைகூப்பியதனால்தானே இன்று பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்?" என்றார்.

அவர் தைத்த கால்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நண்பர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நமக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.