ஆட்டோவை அணைத்த பிறகு

ஒரு கச்சேரி மேடையை எடுத்துக்கொள்வோம். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில் பாடகர், பக்கத்தில் அரக்குப் பட்டுப் புடவையில் வயலின் கலைஞர். வீடியோ கேமராவை ஆட்டோவில் விட்டால், மேடை முழுவதும் தெரியும் காட்சியில் பாடகரின் முகம் வெளிறும். சட்டையின் மடிப்புகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். ஜூம் செய்து வெள்ளைச் சட்டை பிரேமை அடைத்துக்கொண்டதும் அதே முகம் கறுத்துவிடும். விளக்கு மாறவில்லை, கேமராவின் கணக்குதான் மாறியது. எந்தக் காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பும் பொருள், என்று அது வைத்துக்கொள்கிறது. கறுப்பு மிகுந்தால் வெளிச்சத்தை ஏற்றும், வெள்ளை மிகுந்தால் இறக்கும். நிறத்திலும் இதே கதை: புடவை பிரேமை நிறைத்தால் விளக்கே சிவப்பு என்று எண்ணி ஆட்டோ வைட் பேலன்ஸ் சிவப்பைக் குறைக்கும், கலைஞரின் முகத்தில் நீலம் பாயும். ஆகவே ‘சரியான வெளிச்சம்’ என்பது அளந்து கண்டுபிடிக்கும் பொருள் அல்ல, ஒருவர் எடுக்கவேண்டிய முடிவு. அந்த முடிவைச் செயல்படுத்தும் கை கேமராவின் உடலைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் வாதம்.

முடிவுகளில் பெரும்பாலானவை நிகழ்ச்சிக்கு முன்பே எடுத்துப் பூட்டிவிடக்கூடியவை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழுத் துடிப்புகள் அடங்கும். 1/60 வைத்தால் துடிப்பு பாதியில் அறுபட்டுப் படத்தில் பட்டைகள் ஓடும். குண்டு பல்புக்கு 3200 கெல்வின், பகல் ஒளிக்கு 5600. விளக்குகள் கலந்திருந்தால் மேடையிலேயே வெள்ளைத் தாளைப் பிடித்து வைட் பேலன்ஸை நிலைநிறுத்தலாம். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஒவ்வொரு 6 டெசிபல் ஏற்றும்போதும் சிக்னல் இரட்டிப்பாகும், இருண்ட இடங்களில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் கூடும். முடிந்தவரை சுழியத்தில் விடுவது உத்தமம். இவ்வளவும் பூட்டியபின் நிகழ்ச்சியின் நடுவே அசைக்க வேண்டியது பெரும்பாலும் லென்ஸின் ஒளித்துளையான ஐரிஸ் ஒன்றுதான்.

அதைத் தொலைவிலிருந்து ஏன் அசைக்க வேண்டும்? அரங்கின் பின்வரிசையிலிருந்து முகத்தை மட்டும் பிடிக்கும்போது லென்ஸின் பார்வை அகலம் 5 டிகிரி என்று கொள்வோம். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு டிகிரிக்கு 384 புள்ளிகள். விரல் பட்டு முக்காலி பத்தில் ஒரு டிகிரி அசைந்தாலும் முகம் 38 புள்ளி துள்ளும். முக்காலியின் கைப்பிடியிலேயே பொருத்தும் லான்க் வகைக் கம்பி ரிமோட்டுகள் ஜூமையும் ஃபோகஸையும் அந்தப் பிடிக்கே கொண்டுவந்தது இதனால்தான். தொலைக்காட்சி ஒளிபரப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கிரிக்கெட் மைதானத்தில் கேமராக்காரர் பந்தைத் துரத்துகிறார். ஐரிஸும் கறுப்பின் அளவும் நிறமும் ஒளிபரப்பு வண்டியில் அமர்ந்திருக்கும் பொறியாளரின் ஜாய்ஸ்டிக்கில் இருக்கின்றன. வெயிலில் அடிபட்ட பந்து கூரை நிழலுக்குள் போகும்போது அவர் ஐரிஸைத் திறக்கிறார். எல்லாக் கேமராக்களையும் ஒரே மானிட்டரில் மாற்றி மாற்றி ஒப்பிடுவதால்தான் ஒரே ஆட்டக்காரரின் சட்டை எல்லாக் கோணங்களிலும் ஒரே நிறமாகத் தெரிகிறது.

இப்போதைய கேமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு அதற்கேற்ப வெளிச்சம் வைக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், பேட்டிக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் நர்த்தகி திரும்பி முகம் மறைந்த கணத்தில் கணக்கு பழையபடி சராசரிக்குத் தாவும், படம் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். எடிட்டிங்கில் திருத்திக்கொள்ளலாம் என்பது இன்னொரு வாதம். சென்சாரின் புள்ளி ஒளியால் நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே சட்டை மடிப்பு பற்றிய தகவலே பதிவாகவில்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்காது. நேரலைக்கோ ‘பிறகு’ என்பதே கிடையாது.

தனியாளாக எடுப்பவருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். கேமராவோடு வரும் சிறிய ரிமோட் அகச்சிவப்பு ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவைத்துப் பேசுகிறது. கடும் வெயிலில் திணறும், வாங்கும் கண் பெரும்பாலும் கேமராவின் முன்பக்கம் இருப்பதால் பின்னால் நிற்பவருக்குப் பயன் குறைவு. கைப்பேசி செயலியில் படம் சற்றுத் தாமதித்தே வரும். கூட்டம் நிறைந்த அரங்கில் வைஃபை தடுமாறும். பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் இவை போதும், ஐரிஸை நுணுக்கமாக நகர்த்தப் போதாது. அவருக்கு நான் சொல்வது: மேடையின் மிக வெளிச்சமான வெள்ளைச் சட்டையில், மிகை வெளிச்சத்தைத் திரையில் எச்சரிக்கும் ஸீப்ரா கோடுகள் தோன்றி மறையும் இடத்துக்கு ஐரிஸை இறக்கிப் பூட்டுங்கள், ஜூமுக்குக் கம்பி ரிமோட் வாங்குங்கள். முகம் கொஞ்சம் இருண்டு பதிந்தால் அதைப் பிறகு ஏற்றிக்கொள்ள வழி உண்டு.