ஸ்கூட்டா, ஆட்டமா?

தீபாவளி வந்துவிட்டால் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, அந்த விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பாவும் அவருடைய நண்பர்களும் ரம்மி ஆடுவார்கள். பணயம் தீக்குச்சிதான், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமேது! பெரியப்பா பதின்மூன்று சீட்டையும் விசிறிபோல் விரித்துப் பார்ப்பார். சில வேளைகளில் ஒரு சீட்டுக்கூட எடுக்காமல் "ஸ்கூட்" என்று கவிழ்த்துவிடுவார்.

"ஆடாமலேயே தோத்துட்டீங்களே பெரியப்பா?"

"இருபதோட போச்சுடா. ஆடியிருந்தா எம்பது."

அவர் கணக்கு சரிதானா? பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போதுதான் அதைப் போட்டுப் பார்த்தேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் இழப்பு 20. ஓரிரு சுற்று ஆடிவிட்டு விட்டால் 40. கடைசிவரை ஆடித் தோற்றால், கையில் சேராமல் கிடக்கும் சீட்டுகளின் மதிப்பு, அதிகபட்சம் 80. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று சீட்டுகளை ஜோக்கரின் துணையின்றிச் சேர்ப்பது 'முதல் ரம்மி'. அது இல்லாதவன் தோற்றால் கையிலுள்ள எல்லாச் சீட்டையும் எண்ணுவார்கள்.

இருவர் மட்டுமே ஆடுவதாகக் கொள்வோம். என் கையில் முதல் ரம்மி இல்லை, ஜோக்கர் இல்லை, ராஜா ராணிகள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். தோற்றால் சராசரியாக 60 போகும். வென்றால் 30 வரும் என வைத்துக்கொள்வோம். இதே போன்ற கையை 9 முறை ஆடி 4 முறை வென்றால் வரவு 120, செலவு 300. நிகர இழப்பு 180. அதாவது ஆட்டத்துக்கு 20. ஸ்கூட்டின் விலையும் அதே 20! எனவே ஒன்பதில் நான்குக்குக் குறைவாக வெல்லும் கையைக் கவிழ்ப்பதே மேல்.

இப்போது முதல் ரம்மி வந்த கையைப் பாருங்கள். தோற்றால் 25 போகும், வென்றால் 40 வரும் என்போம். 13 முறை ஆடி ஒரே ஒரு முறை வென்றாலும் வரவு 40, செலவு 300, நிகரம் 260. மீண்டும் ஆட்டத்துக்கு 20. பதின்மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தாலே ஆடலாம்! முதல் ரம்மி வெற்றி வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தோல்வியின் அளவை அது சுருக்குவதுதான் இங்கே பெரிய வேலை செய்கிறது.

முதலில் சொன்ன மோசமான கையையே ஆசையால் ஆடத் தொடங்கிவிட்டேன் என்றால்? இனி விட 40 ஆகும். 9 ஆட்டத்தில் 2 வெற்றி: வரவு 60, செலவு 420, ஆட்டத்துக்கு இழப்பு 40. ஆக, ஒன்பதில் இரண்டு வாய்ப்பு இருந்தாலே தொடர வேண்டியதாகிவிடுகிறது. உள்ளே போனவன் வெளியே வரத் தயங்குவதற்கு ஆசை மட்டுமே காரணமன்று.

ரம்மியில் விடுவதற்கு விலை. போக்கரில் உட்காருவதற்கே விலை. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு பின்னர் வரும். சீட்டுப் போடுபவருக்கு அடுத்த இரண்டு இருக்கைக்காரர்கள் மட்டும், சீட்டைப் பார்க்கும் முன்பே முறையே 1, 2 குச்சிகள் நடுவில் வைத்தாக வேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். நம் மூணு சீட்டிலும் இந்தச் சொல் உண்டு.

நான் 2 குச்சி வைத்த பிளைண்ட். ஒருவர் துணிந்து 6 வைக்கிறார். மற்றவர்கள் விலகுகிறார்கள். நடுவில் 6+2+1, ஆக 9 குச்சி. நான் ஆட இன்னும் 4 வைக்க வேண்டும். 13 முறை ஆடி 4 முறை வென்றால் 36 வரும்; 9 தோல்வியில் 36 போகும். எனவே 4/13, அதாவது 31 விழுக்காடு வாய்ப்பு போதும். பிளைண்டாக இல்லாத ஒருவர் அதே ஆட்டத்தில் 6 வைத்தாக வேண்டும். அவருக்கு 6/15, அதாவது 40 விழுக்காடு தேவை. சீட்டு ஒன்றேதான், அவர் விடுவார், நான் ஆடுவேன்.

"என் 2 குச்சி அங்கே கிடக்கிறதே, எப்படி விட்டுப் போவது?" என்று எண்ணி ஆடுபவரும் இங்கே இதே விடைக்கு வருவார். ஆனால் வழி தவறு. எதிராளி 6-க்குப் பதில் 20 வைத்தால்? நடுவில் 23, நான் 18 சேர்க்க வேண்டும், 18/41, ஏறக்குறைய 44 விழுக்காடு. என் 2 குச்சி அப்போதும் அங்கேதான் கிடக்கிறது, ஆனால் பெரும்பாலான கைகளை விட வேண்டும். வைத்த குச்சி என்னுடையதன்று, நடுவினுடையது. நம் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிக்கு இது புதிதன்று. உழவுக்கூலி போனது போனதுதான். வானத்தைப் பார்த்து அவர் போடும் கணக்கெல்லாம் இனி விதைக்குப் போகும் செலவுக்கும் வரக்கூடிய மகசூலுக்கும் இடையில்தான்.

52 சீட்டில் இரண்டை 52×51/2, அதாவது 1326 வழிகளில் பெறலாம். அவற்றில் ஜோடிகள் 78, பதினேழில் ஒன்று. மிகவும் தாழ்ந்ததாகச் சொல்லப்படுவது வேறு வேறு இனத்து 7-உம் 2-உம். எதிராளியின் சீட்டு எதுவாகவும் இருக்கலாம் என்றால், இந்தக் கைக்கும் ஏறக்குறைய 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கணிப்பொறி சொல்கிறது. நமக்கு வேண்டியது 31 தானே, ஆடலாமா?

இங்கேதான் என் மாணவர்கள் வழுக்கி விழுவார்கள். எதிராளியின் சீட்டை நான் பார்க்கவில்லை என்பது உண்மை, அவர் பார்த்திருக்கிறாரே! பார்த்த பிறகே 6 வைத்தார். ஆகவே 1326-இல் நல்ல கைகளின் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. அவரிடம் ஏஸ் ஜோடி இருந்தால் 7-2 வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுதான். இதைக் கணிதத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்பார்கள். மேலும், பொதுச் சீட்டு வந்த பின் பிளைண்ட் இருக்கைக்காரர்தான் முதலில் பேச வேண்டும். எதிராளி அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார். ஆகவே 7-2 கவிழட்டும்.

இவ்வளவு கணக்கு இருக்கிறதென்றால் இது திறமை ஆட்டமா, சூதா? 1967-இல் செகந்திராபாத் மனமகிழ் மன்ற வழக்கில், விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் எதை வைத்து எதைக் கழிப்பது என்பதும் திறமை என்று கூறி, மூணு சீட்டிலிருந்து ரம்மியைப் பிரித்தது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டில், இணையத்தில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வரவே, 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். பின்னர் சட்டமும் இயற்றப்பட்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக அச்சட்டம் பட்டியலிட்டதை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தது.

நீதிமன்றம் பேசிய திறமை உண்மைதான். ஆனால் எங்கள் திண்ணையில் இல்லாத ஒருவர் இணைய ஆட்டத்தில் இருந்தார்: ஆட்டம் நடத்துபவர். சமத் திறமையுள்ள இருவர் தலைக்கு 100 தீக்குச்சியுடன் உட்காரட்டும். ஆட்டத்துக்கு ஆளுக்கு 5 வைக்கிறார்கள். நடுவில் சேரும் பத்தில் 1 நடத்துபவருக்கு. ஆட்டந்தோறும் ஒரு குச்சி குறைகிறது. 200 ஆட்டத்துக்குள் ஒருவராவது 5 வைக்க முடியாமல் போய்விடுவார். ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நடத்துபவர் பெட்டியில். திண்ணையில் இருநூறு ஆட்டம் ஆடப் பல தீபாவளி ஆகும். கைப்பேசியில் சில இரவுகள் போதும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன போக்கர் ஆட்டத்தில் 6 வைக்கப்பட்டதும், 1 குச்சி வைத்தவர் முதலில் முடிவு செய்ய வேண்டும். 2 குச்சி வைத்தவர் இன்னும் பேசவில்லை. 1 குச்சிக்காரருக்குக் குறைந்தது எத்தனை விழுக்காடு வாய்ப்பு வேண்டும்? கண்டுபிடித்த விடையைவிடக் கூடுதலாகவே அவர் எதிர்பார்க்க வேண்டும் என்கிறேன். ஏன்?