சட்டம் அடைத்த மருத்துவக் கதவு

தடை விதித்தால் கருக்கலைப்பு நின்றுவிடுமா? ருமேனியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1966-இல் அந்நாட்டு அரசு, சில விதிவிலக்குகள் தவிர, கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. பல பெண்கள் மறைவாகக் கருவைக் கலைக்க முற்பட்டனர்.

தூய்மையற்ற கருவிகளைப் பயன்படுத்தினால் கருப்பையில் நோய்க்கிருமிகள் பெருகும். அவை இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. உடனே கருப்பையைத் தூய்மை செய்து, பெனிசிலின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் மருத்துவமனைக்குச் சென்றால் விசாரணை வருமே என்று அஞ்சிப் பலர் காலம் தாழ்த்தினர்.

1989-இல் அங்கே ஒரு இலட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 170 தாய்மார்கள் இறந்தனர். பெரும்பாலான சாவுகளுக்குக் கருக்கலைப்பே காரணம். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் தடை நீங்கியது. 1990-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 83 ஆகக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவமனைக் கதவு திறந்ததே போதுமானதாயிற்று.