இரட்டிப்பான ஊரும் நகர்ந்த எல்லையும்

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஒரு காபிக் கடை. இந்த மலருக்கு வந்த கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் பெங்களூரு மக்கள்தொகையைப் படமாக வரைந்து கொண்டுவந்தார். 2001-க்கு ஒரு மனித உருவம், 43 லட்சம். 2011-க்கு இன்னொன்று, 84 லட்சம். 2021-க்கு அதைவிடப் பெரியது. "பத்தே வருஷத்துல ஊரு டபுள் சார்! எல்லாம் வெளியூர்லேர்ந்து வந்த கூட்டம்" என்றார்.

முதல் இரண்டும் சென்சஸ் எண்கள்தாம். ஆனாலும் படம் பொய் சொன்னது.

உருவத்தை உயரத்தில் இரட்டித்தபோது அகலமும் இரட்டித்துவிட்டது. கண் பரப்பைத்தான் அளக்கும். ஆகவே இரண்டு மடங்கு நான்கு மடங்காகத் தெரிகிறது. டாரல் ஹஃப் என்ற அமெரிக்கர் 1954-ல் வெளியிட்ட புள்ளிவிவரப் புத்தகத்தில் இந்த வித்தைக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. ஒரே அகலத்தில் பட்டை போட்டால் தீர்ந்தது.

இன்னொரு பிழை அப்படிச் சுலபமானதல்ல. 2001-ல் எண்ணியது பழைய மாநகராட்சியை. சுமார் 226 சதுர கிலோமீட்டர். 2007-ல் எலஹங்கா, தாசரஹள்ளி, பொம்மனஹள்ளி, மகாதேவபுரா உள்ளிட்ட ஏழு நகரசபைகளையும் கெங்கேரியையும் நூற்றுப்பத்து கிராமங்களையும் சேர்த்துப் பிருஹத் பெங்களூரு மாநகராட்சி ஆக்கினார்கள். பரப்பு 700-ஐத் தாண்டியது. தலைமுறை தலைமுறையாக எலஹங்காவிலேயே இருந்தவர், வீட்டு வாசலைக்கூடத் தாண்டாமல் 2011-ல் பெங்களூர்க்காரர் ஆனார். நம் தம்பியின் படத்தில் அவரும் 'வந்த கூட்டம்'!

எல்லை மாறாத ஒன்றை எடுத்துப் பார்ப்போம் என்றேன். பெங்களூரு நகர மாவட்டம்: 2001-ல் 65,37,124, 2011-ல் 96,21,551. வளர்ச்சி 47 சதவீதம். மாநகராட்சிக் கணக்கிலோ 96. நாற்பத்தேழும் சின்ன வளர்ச்சியல்ல. ஆனால் அதிலும் இங்கேயே பிறந்த குழந்தைகள் உண்டு. வந்தவர் எத்தனை பேர் என்பதற்குச் சென்சஸில் குடிபெயர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

"இவ்வளவு துருவணுமா சார்?" என்றார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது நான் இந்த ஊரில் இருந்தேன். வெளியூர்க்காரன் வந்து நிறைத்துவிட்டான் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். அதை நம் மலரிலேயே, நம் காசில் அச்சடிப்பதா?

பின்னோக்கிப் போனாலும் இதே சிக்கல். 1949 வரை நகரமும் கண்டோன்மெண்டும் தனித்தனி நகராட்சிகள். அதற்கு முந்தைய 'நகர' எண்ணில் மல்லேஸ்வரம் இருக்கும். தமிழர் நிறைந்த அல்சூர் இருக்காது.

மூன்றாவது உருவத்தைக் காட்டி, "இது எங்கே எடுத்தீங்க தம்பி? 2021-ல் சென்சஸே நடக்கலையே" என்றேன். ஏதோ ஒரு மதிப்பீடாம். எண்ணியதையும் ஊகித்ததையும் ஒரே மையில் போட்டால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? 2025-ல் அந்த மாநகராட்சியையும் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பு எண்களை ஒப்பிடப்போகிறவர் பாடு இன்னும் திண்டாட்டம்.

மறு வாரம் வேறு படம் வந்தது. மாவட்டத்துக்கு இரண்டு பட்டைகள், சுழியத்திலிருந்து. அடியில், 'எல்லை மாறவில்லை' என்று ஒரு வரி. முந்தையதைப் போல எடுப்பாக இல்லை என்று தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். அதைத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.