உங்களுக்குத் தெரியுமா? காலராவை வென்ற உப்பு!

மரக்காணம் பாத்திகளில் வெயிலில் விளைகிறதே உப்பு, அது ஓர் உயிர்காக்கும் மருந்தின் பாதி. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய பங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம்வரை இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எவ்வளவு எளிய வைத்தியம்! கிருமியை அது கொல்வதில்லை. குளுக்கோஸ் துணையிருந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு நீரும் உடலில் சேரும். அவ்வளவுதான்.

வயிற்றுப்போக்கா? இத்தகைய கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கரையுங்கள். புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.