பாதியில் நிறுத்தி விடாதீர்கள், சகோதரிகளே!

எனக்கு வயது 34. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பீர்க்கன்கரணையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. பெரியவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சின்னவனுக்கு ஆறு வயது. இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தவன் என் சின்னவன்தான்.

அவனுக்கு நாலு வயது நடக்கும்போது அடிக்கடி காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தால் விடும். நாலு நாளில் திரும்ப வரும். "கால் வலிக்குதும்மா, தூக்கிக்கோ" என்பான். விளையாடின அலுப்பு என்று நினைத்து தைலம் தேய்த்து விட்டேன். முகம் வெளுத்துக் கொண்டே வந்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், முதுகிலும் தொடையிலும் நீலம் நீலமாகத் திட்டு. "எங்கடா விழுந்தே?" என்றால், விழவே இல்லை என்கிறான். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்தோம். முடிவைப் பார்த்த டாக்டர், "தாமதிக்காம அடையாறுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அங்கே எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி விட்டார்கள். என் மாமியார், "யார் செஞ்ச பாவமோ" என்று தலையில் அடித்துக் கொண்டார். டாக்டரம்மாதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "நீங்க கொடுத்த சாப்பாட்டால வந்ததில்லை. யார்கிட்டேயும் ஒட்டிக்காது. குழந்தைகளுக்கு வர்ற இந்த வகை மருந்துக்கு நல்லா கட்டுப்படும். ஆனா ரெண்டரை வருஷம் விடாம வரணும்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் கதையை அங்கே காத்திருந்த நாட்களில்தான் தெரிந்து கொண்டேன். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் சாந்தா அம்மா மறுவருடம் வந்து சேர்ந்து, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி விட்டார்களாம்.

முதல் ஆறு மாதம் நரகம். பெருங்களத்தூரில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி பஸ் பிடிப்போம். ரத்த அணுக்கள் குறைந்த நாட்களில் கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் ஆட்டோதான். சிகிச்சைச் செலவில் பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. ஆனால் ஆட்டோவுக்கும், அவர் லீவு போட்ட நாள் கூலிக்கும் அட்டை ஏது? என் செயின் அடகுக்குப் போனது.

ஒரு மருந்துக்கு முகம் பூசணிக்காய் மாதிரி ஊதி, ராத்திரி இரண்டு மணிக்கு "சாம்பார் சாதம் வேணும்" என்று அழுவான். எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பேன். முடி கொட்டினபோது அவன் அப்பாவும் மொட்டை போட்டுக் கொண்டார். முதுகுத் தண்டில் ஊசி போடும் நாட்களில்தான் என்னால் தாங்க முடியாது.

இதற்கு நடுவில் பெரியவளை மறந்தே போனேன். ஒரு நாள் தலை பின்னும்போது கேட்டாள், "அம்மா, எனக்கும் காய்ச்சல் வந்தா என்கூட இருப்பியா?" சீப்பைக் கீழே வைத்து விட்டேன். அன்று முதல், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ராத்திரி அரை மணி நேரம் அவளுக்குத்தான்.

இனி சொல்வது நான் செய்யப் பார்த்த தப்பு. ஆறேழு மாதம் ஆனதும் பையனுக்கு முடி முளைத்தது, ஓடியாடினான். ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்றார்கள். "நல்லாயிட்டான், இன்னும் எதுக்கு அந்த விஷத்தைக் குடுக்கறே?" என்று உறவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வாசலில் இருக்கும் நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கையில் காசும் இல்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்து விட்டோம். மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் ஓடினேன். வெளியே பெஞ்சில், திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர். அவர் மகளுக்கும் இதே நோய்தான். நன்றாகி விட்டது என்று எட்டு மாதத்தில் நிறுத்தி விட்டார்களாம். திரும்பி வந்து விட்டது. "ரெண்டாவது தடவை ரொம்ப கஷ்டம்னு சொல்றாங்கம்மா" என்று அந்த அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "உங்க வாசல் செடியிலிருந்து எடுத்த மருந்தைத்தான் ஊசியா போடறோம். ஆனா பிரிச்சு, சுத்தம் பண்ணி, குழந்தையோட அளவுக்குத் தர்றோம். இலையைக் காய்ச்சிக் குடுத்தா அதுவே விஷம்" என்றார். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோய் அணுக்களை அழிக்கத்தான் இத்தனை மாதம் மருந்து என்பதும் அன்றுதான் புரிந்தது. வாராவாரம் தரும் இன்னொரு மாத்திரை, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தன் குழுவோடு உருவாக்கியதாம்.

உலகத்தில் வருடத்துக்கு சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது கூட இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பதும், பாதியில் நிறுத்துவதும் அதற்குக் காரணங்களில் சேர்த்தி.

என் அனுபவத்தில் சில:

* விடாத காய்ச்சல், வெளுப்பு, அடிபடாமல் நீலத் திட்டு, ஈறில் ரத்தம், எலும்பு வலி, வயிற்றில் கட்டி, கண்ணின் கருமணியில் வெள்ளை தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

* சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாது.

* அம்மை போட்டிருக்கும் வீட்டுப் பக்கம் அனுப்பாதீர்கள். எதிர் வீட்டில் போட்டிருந்தது தெரியாமல் இவன் போய் விளையாடி விட்டான். வேப்பிலை கட்டிக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபத்தில்லாமல் தப்பித்தோம்.

* தினமும் ஒன்று, வாரம் ஒரு தடவை ஒன்று என்று மாத்திரை மாறும். வார மாத்திரையை மறதியில் தினமும் கொடுத்தால் ஆபத்து. நான் தினசரி காலண்டரில் வியாழக்கிழமைகளை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

* அக்கம்பக்கத்தவர்களே, "ஐயோ பாவம்" வேண்டாம். எதிர் வீட்டு அக்கா, நாங்கள் ஆஸ்பத்திரி போகும் நாட்களில் பெரியவளுக்குச் சோறு போட்டு, பாடம் படிக்க வைப்பார். அந்த உதவிக்கு ஈடில்லை.

சின்னவன் இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறான். மாத்திரை இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் பரிசோதனைக்குப் போய்க் கொண்டே இருக்க வேண்டும். பயம் போய் விட்டது என்று சொன்னால் பொய். அவன் லேசாக இருமினாலும் கை தானாக நெற்றிக்குப் போகிறது. ஆனால் வியாழக்கிழமை காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலை அவனுடையது. "இன்னும் எத்தனை வட்டம்மா?" என்று கேட்பான். எண்ணிச் சொல்வேன்.

– ஒரு வாசகி, பீர்க்கன்கரணை.