விலைச் சூத்திரமும் வாப்பாவின் முச்சக்கர வண்டியும்

2022இல் என் வாப்பா பெற்றோல் ஷெட் வரிசையில் முச்சக்கர வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நாட்கள் வீட்டுக்கு வரவில்லை. உம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பார்சலைத் தம்பிதான் கொண்டு போவான். “ஏன் இப்படி ஆனது?” என்ற என் கேள்விக்கு, உயர்தரத்தில் பொருளியல் கற்கத் தொடங்கிய பின்னரே ஓரளவு விடை கிடைத்தது.

வளர்முக நாடுகளுக்கு என்ன சீர்திருத்தம் தேவை என்பது பெரும்பாலும் தெரிந்த விடயமே. அதைச் செய்ய அரசியல் இடங்கொடுக்குமா, செய்ததை அடுத்த ஆட்சியிலும் காப்பாற்ற நிறுவனங்கள் உண்டா என்பதுதான் சிக்கல். நமது நாடே இதற்கு உதாரணம்.

2018 மே மாதம் எரிபொருள் விலைச் சூத்திரம் அறிமுகமானது. உலகச் சந்தைக்கேற்ப மாதந்தோறும் விலையைத் திருத்துவதே அதன் நோக்கம். ஆட்சி மாறிய பின் அது கைவிடப்பட்டது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியும் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்? எங்கள் வீட்டிலும் மகிழ்ந்தோம்.

ஆனால் அரசின் வருமானம் சரிந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானமும் நின்றது. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமற் போனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமானது.

மத்திய வங்கி ஏன் மறுக்கவில்லை? பழைய சட்டத்தின்படி திறைசேரிச் செயலாளரும் நாணயச் சபையில் ஓர் உறுப்பினர். அரசின் திறைசேரி உண்டியல்களை வங்கி நேரடியாக வாங்கவும் முடிந்தது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் செயலாளரைச் சபையிலிருந்து நீக்கியது. அப்படி நேரடியாக வாங்குவதையும் தடைசெய்தது. விலைச் சூத்திரம் அதற்கு முன்பே, 2022 மே மாதம், திரும்ப வந்திருந்தது.

இதை வாப்பாவிடம் விளக்கினேன். “எல்லாம் சரி மகள். விலை கூடினா எங்கட ஹயர் குறையுதே, அதுக்கு என்ன சட்டம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். சீர்திருத்தத்தின் சுமை ஏழைகள்மீதே விழுந்தால், அதை மாற்றுவதாகச் சொல்பவருக்கே மக்கள் வாக்களிப்பார்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற உதவிகள் உரியவரைச் சென்றடைவது அதனால்தான் முக்கியம்.

பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாராளுமன்றமே மாற்றவும் முடியும். அடுத்த வருடம் எனக்கு வாக்களிக்கும் வயது வந்துவிடும். விலையைக் குறைப்பேன் என்று வருபவரிடம், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.